வாசலில் கிடைக்கும் அரை நிமிடம்

"இன்னைக்கு எப்படி இருந்தான் மிஸ்?"

"நல்லா இருந்தான்."

மழலையர் பள்ளி வாசலில் தினமும் அதிகமாகப் பேசப்படும் வசனம் இதுதான். கேட்பவர் ஒரு தோளில் பையும் இன்னொரு தோளில் பிள்ளையுமாக நிற்பார், அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள், பதில் சொல்லும் எனக்கோ உள்ளே ஒரு குழந்தை ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருப்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வாயில் வருவது "நல்லா இருந்தான்" தான். பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலை வீட்டுக்கு எடுத்துப் போய் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கேட்டதற்கு மரியாதையாக ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

நான் இந்த வாசலுக்கு உள்ளே நிற்பவள். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளோடு பல வருஷமாக இருக்கிறேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது வேறொரு பள்ளியின் வாசலுக்கு வெளியேயும் நின்றிருக்கிறேன். ரெண்டு பக்கமும் நின்றதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: பெற்றோரும் மிஸ்ஸும் நிறையவே பேசிக்கொள்கிறோம், ஆனால் பெரும்பாலும் தீர்ப்பைத்தான் கைமாற்றிக்கொள்கிறோம். சமர்த்து, சேட்டை, அடம், மந்தம், யாரோடும் சேர மாட்டாள், ஒரு இடத்தில் உட்கார மாட்டான். கண்ணால் பார்த்தது என்ன என்று சொல்வது ரொம்பக் குறைவு. பிள்ளைக்கு உதவுவதோ பார்த்த அந்த விஷயம் மட்டும்தான்.

இதில் நடுவில் தூது போகிற ஆள் வேறு ஒரு சிக்கல். பெரிய வகுப்புப் பிள்ளை என்றால் வீட்டுக்கு வந்து தானே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். மூன்று வயதுக்காரரிடம் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணின?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார், மிஞ்சிப்போனால் "விளையாடினேன்". மறைக்கிறான் என்று நினைக்க வேண்டாம். நடந்தது நினைவில் இருக்கும், ஆனால் ஒரு நாள் முழுக்க நடந்ததிலிருந்து ஒன்றைத் தானே பொறுக்கியெடுத்து முன்பின் வரிசையாகக் கோத்துச் சொல்லும் திறமை அந்த வயதில் இன்னும் கைகூடவில்லை. யாராவது ஒரு நுனியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றது வரும். காலக் கணக்கும் அப்படித்தான், "நேத்து" என்றால் இன்று காலையாகவும் இருக்கலாம், போன மாசமாகவும் இருக்கலாம். "அவன் என்னை நேத்து தள்ளிவிட்டான்" என்று பிள்ளை சொன்னதைக் கேட்டு ஒரு அப்பா காலையில் கொதித்துப்போய் வந்து நின்றார். தள்ளிவிட்டதாகச் சொல்லப்பட்ட பையனோ ஒரு வாரமாகக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கிறான். பிள்ளை பொய் சொல்லவில்லை. தள்ளியது உண்மை, ஆனால் அது நடந்து ரொம்ப நாளாகிறது.

அதனால் வாசலில் கிடைக்கும் அரை நிமிடத்தில் நான் கொடுக்கப் பார்ப்பது அந்த நுனியைத்தான். ஒரு நாள் மழை விட்டதும் சுவரோரம் ஒரு நத்தை கிடைத்தது. மாலையில் அந்தப் பையனின் அம்மாவிடம், "இன்னைக்கு நத்தை பார்த்தோம், தொட மாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் ஒரு இலையை நீட்டினான், அது இலை மேல ஏறிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். "நல்லா இருந்தான்" சொல்ல ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வீட்டில் "நத்தை என்ன பண்ணிச்சு?" என்று அவர் கேட்டதும் பையன் தரையில் படுத்து ஊர்ந்தே காட்டினானாம். கண்ணு கொம்பு நுனியில இருக்கு, தொட்டா உள்ள போயிடும் என்று ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி விளக்கினானாம். அதோடு நத்தைக்குச் சம்பந்தமே இல்லாமல், பக்கத்தில் இருந்த பெண் அழுதது, மிஸ் மூக்கு துடைத்துவிட்டது, தான் தண்ணீரைக் கொட்டியது என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்ததாம். "இவன் இவ்வளவு பேசுவானா மிஸ்?" என்று மறுநாள் கேட்டார். பேசுவான். நுனி கிடைக்கணும்.

காலையில் இதே அரை நிமிடம் பெற்றோர் கையில் இருக்கிறது, பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது. "ராத்திரி சரியாத் தூங்கல." "அப்பா வெளியூர் போயிருக்கார்." "பாட்டி ஆஸ்பத்திரியில இருக்காங்க." "நேத்துதான் வீடு மாத்தினோம்." இதில் ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்தால் அந்தப் பிள்ளையோடு நான் கழிக்கும் நாளே வேறாகிவிடும். தெரியாவிட்டால், பத்து மணிக்குப் பென்சில் கீழே விழுந்ததற்கு ஓவென்று அழும் பிள்ளையைப் பார்த்து "இன்னைக்கு என்ன இப்படி அடம்" என்று நானும் தீர்ப்பு எழுதுவேன். வீட்டு விஷயத்தைப் பள்ளியில் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற தயக்கம் புரிகிறது. முழுக் கதையும் யாருக்கும் வேண்டாம். "வீட்ல கொஞ்சம் சிரமமான நேரம் மிஸ், ஒட்டிக்கிட்டே இருப்பா" என்றால் போதும். காரணம் என்ன என்று நான் கேட்க மாட்டேன், கேட்கும் மிஸ் யாராவது இருந்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆனால் மருந்து விஷயம் சொல்லியே ஆக வேண்டும், இதில் தயக்கத்துக்கே இடமில்லை. காய்ச்சல் பிள்ளைக்கு காலை 7 மணிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த மருந்து 4 மணி நேரம், மிஞ்சினால் 6 மணி நேரம் தாங்கும். பதினொன்றரைக்குப் பிள்ளை என் மடியில் கொதிக்கும். நான் போன் செய்து முதலில் கேட்பது "காலையில மருந்து கொடுத்தீங்களா, எத்தனை மணிக்கு?" என்றுதான். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. முந்தின வேளை எப்போது என்று தெரியாமல் மறுபடி கொடுத்தால் அளவு கூடிவிடும், பாராசிட்டமால் அளவு கூடினால் கல்லீரலைக் கெடுக்கும். லீவு கிடைக்காத வேலை எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும், அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது, மணியை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் அழுதுகொண்டே உள்ளே வரும் பிள்ளைகள். சொல்லாமல் நைசாக நழுவிப் போய்விடுவதை நான் எந்தப் பெற்றோருக்கும் சிபாரிசு செய்வதில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம் என்று ஒரு தடவை ஆகிவிட்டால், மறுநாளிலிருந்து பிள்ளை வாசலிலேயே காலைக் கட்டிக்கொள்ளும், எப்போது மாயமாவாரோ என்று. "போயிட்டு வரேன், தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று சொல்லி, சொன்னதும் கிளம்பிவிடுவதுதான் நல்லது. ஆனால் அப்படிக் கிளம்புகிறவருக்கு அந்த அழுகை வேலையிடம் வரைக்கும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதைப் பள்ளிகள் சுலபமாக மறந்துவிடுகின்றன. என் மகளை விட்ட பள்ளியில், கதவு சாத்திய பிறகு மாலை வரை ஒரு தகவலும் வராது. கேட்டால் "அதெல்லாம் சரியாயிடும்" என்பார்கள். சரியாகியும் இருக்கும், ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? அதனால் என் வகுப்பில் முதல் சில வாரங்களுக்கு நான் விடாமல் செய்கிற ஒரே வேலை, அழுகை நின்றதும் ஒரு வரி அனுப்புவது. "ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டை அடுக்குறா. அழல." அன்றைய நாளில் நான் அனுப்பும் செய்திகளிலேயே விலை மதிப்புள்ளது இதுதான். அழுகை நிற்காவிட்டால் அதையும் அப்படியே சொல்லிவிடுவேன். "இன்னும் அழுறா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறா." உண்மையைச் சொன்னால் பெற்றோர் பதறிவிடுவார்கள் என்று நிறைய மிஸ்கள் நினைக்கிறார்கள். பதறுவது தெரியாததால்தான்.

அடுத்தது கடி. இதைப் பற்றிப் பேசாமல் மழலையர் பள்ளியைப் பற்றி எழுதவே முடியாது. ஒன்று முதல் மூன்று வயது வரை பிள்ளைகள் ஒன்றையொன்று கடிப்பது சகஜம், காரணமும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரே பொம்மைக்கு ரெண்டு பேர், நெரிசல், களைப்பு, சொல்ல வார்த்தை வாய்க்கு வருவதற்குள் பல் முந்திக்கொள்கிறது. பேச்சு வளர வளரப் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். ஆனால் தன் பிள்ளையின் கையில் பல் தடம் வட்டமாகப் பதிந்திருப்பதைப் பார்த்த அம்மாவிடம் போய் "இதெல்லாம் சகஜம்" என்று ஆரம்பித்துப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும்.

நான் செய்வது இது. மாலை வரை வைத்திருக்காமல் உடனே போன் செய்துவிடுவேன், சட்டை மாற்றும்போது தானாகக் கண்டுபிடிக்கும்படி எந்தப் பெற்றோரையும் விடக் கூடாது. எங்கே, எப்போது, என்ன நடந்தது, தோல் கிழிந்ததா இல்லையா, எப்படிக் கழுவினோம், இப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது. பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். "யார் கடிச்சது மிஸ்?" என்று கேட்காதவர் கிடையாது, கேட்பது நியாயமும்கூட. ஆனால் அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தால் அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு இரண்டு வயதுப் பிள்ளை வில்லனாகிவிடும், பிறந்தநாளுக்குக் கூப்பிட மாட்டார்கள், வாசலில் அந்த அம்மாவிடம் யாரும் பேச மாட்டார்கள். பிள்ளையே வீட்டில் பெயரைச் சொல்லிவிடும் என்பது வேறு விஷயம். சில சமயம் தப்பான பெயரையும் சொல்லும்.

கடித்த பிள்ளையின் வீட்டில் பேசுவதுதான் அதைவிடக் கஷ்டம். "உங்க பையன் கடிக்கிறான்" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. ஒன்று அவர்கள் கூனிக்குறுகிப் போவார்கள், இல்லாவிட்டால் "வீட்ல அப்படியெல்லாம் பண்ணவே மாட்டான்" என்று சண்டைக்கு வருவார்கள், ரெண்டிலும் பையனுக்கு அன்று ராத்திரி அடி நிச்சயம். ஒரு அப்பாவிடம் நான் இப்படிச் சொன்னேன்: "கை கழுவ வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்தவன் இடித்ததும் கடிச்சான். போன தடவையும் அதே வரிசையில்தான், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வீட்ல பதினொரு மணிக்கு அவனுக்கு ஏதாவது கொடுத்துடுவோம் மிஸ், பசி வந்துட்டா யாராலும் சமாளிக்க முடியாது" என்றார். எனக்குத் தெரிந்தது வரிசை, அவருக்குத் தெரிந்தது பசி. அவனைப் பதினொரு மணிக்கு ஒரு வாய் சாப்பிட வைத்து, கை கழுவுவதற்கும் முதல் ஆளாக அனுப்பினோம். கடி சுத்தமாக நிற்கவில்லை, ஆனால் அந்த வரிசையில் நின்றுவிட்டது.

பெற்றோரும் ஆசிரியரும் இப்படிப் பேசிக்கொள்வது இப்போது வந்த ஃபேஷன் ஒன்றும் இல்லை. 1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போய்விடும் குடியிருப்புக் கட்டிடத்திலேயே பள்ளி. அதன் விதிமுறைகளில், வாரத்துக்கு ஒரு தடவையாவது தாய்மார்கள் ஆசிரியையைச் சந்தித்துப் பேச வேண்டும், பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவர் சொல்லும் யோசனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை! வருஷத்துக்கு ரெண்டு தடவை கூட்டம் போட்டுவிட்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அதே விதிமுறையில், குளிக்காமல் அழுக்குத் துணியோடு வந்தால் பிள்ளையை நீக்கிவிடுவோம், பெற்றோர் ஆசிரியைக்கு மரியாதை கொடுக்காவிட்டாலும் நீக்கிவிடுவோம் என்றும் இருந்தது. அதாவது பேச்சு இருந்தது, ஆனால் ஒருவர் மேடையிலும் ஒருவர் கீழேயும். இன்றைக்கும் பல பள்ளிகளில் "பெற்றோர் சந்திப்பு" என்ற பெயரில் நடப்பது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இத்தாலியிலேயே ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரின் கதை வேறு மாதிரி. 1945இல் போர் முடிந்த கையோடு, அதன் பக்கத்தில் வில்லா செல்லா என்ற கிராமத்தில் ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் ஊர் மக்களே ஒரு மழலையர் பள்ளியைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்தவர்தான் லோரிஸ் மாலகுட்சி, அந்தப் பகுதியின் பள்ளி முறைக்கு உருவம் கொடுத்தவர். பெற்றோரே கட்டிய பள்ளி என்பதால் அவர்களை வாசலோடு நிறுத்த யாராலும் முடியவில்லை. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் பேசியதை அப்படியே எழுதி, படத்தோடு சுவரில் ஒட்டுகிறார்கள். மிஸ்ஸின் கருத்து கிடையாது, பிள்ளையின் வாய்ச் சொல். பார்க்க வரும் அப்பா அதைப் படித்துவிட்டு, ஓ, இதை அவள் வீட்டில் இப்படிச் சொன்னாளே என்று சேர்த்துச் சொல்லலாம். நியூசிலாந்தில் 1996இல் வந்த தே ஃபாரிக்கி என்ற முன்பள்ளிப் பாடத்திட்டத்தில் குடும்பமும் சமூகமும் நாலு அடிப்படைகளில் ஒன்று. அங்கே பிள்ளை செய்த ஒரு காரியத்தைச் சின்னக் கதையாக எழுதி வீட்டுக்குக் கொடுத்து, வீட்டிலிருந்து ரெண்டு வரி எழுதி வாங்குகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏ, பி என்று கிரேடு போட்டு அட்டை கொடுப்பதை எப்போது நிறுத்தப்போகிறோமோ தெரியவில்லை, "வண்ணங்கள்: ஏ, பகிர்தல்: சி" என்றால் அதை வைத்து ஒரு அம்மா என்னதான் செய்வார்?

பள்ளியில் ஒரு பிள்ளை, வீட்டில் வேறு பிள்ளை என்பது பலருக்குப் புரிய நாளாகிறது. ஒரு சிறுமி, நாலு வயது. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. உதவிக்கு இருந்த ஆயா "கவனமே கிடையாது" என்று முடிவு கட்டிவிட்டார். அம்மாவை வாசலில் வைத்துச் சொல்லாமல், ஒரு நாள் எல்லோரும் போன பிறகு உட்காரச் சொல்லி, "கதை சொல்லும்போது முன்னால் உட்கார்ந்தால் கேட்கிறாள், பின்னால் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் கை தட்டுகிறாள். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பறதில்ல. வீட்ல எப்படி?" என்று கேட்டேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வீட்ல கூப்பிட்டா வருவாளே" என்றார். அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. வீட்டில் எங்கிருந்து கூப்பிடுவீர்கள், டிவி எவ்வளவு சத்தத்தில் ஓடும், சளி அடிக்கடி பிடிக்குமா என்று பேசப் பேச, சத்தமில்லாத அறையில் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கிறது, இருபது பிள்ளைகள் கத்தும் அறையில் கேட்கவில்லை என்பது ரெண்டு பேருக்கும் சேர்ந்தே புரிந்தது. டாக்டர் பார்த்தார், நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. சளிக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும், காது கேட்பது ஒரு நாள் கூடும் ஒரு நாள் குறையும், அதனால்தான் வேண்டுமென்றே கேட்காத மாதிரி தெரியும். நிறைய பேருக்கு 3 மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும், ஆனால் டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதுவரை அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, தோளைத் தொட்டுவிட்டுப் பேசினோம். கவனமில்லாத பிள்ளை என்ற பேச்சு அதோடு காணாமல் போனது.

இந்த மாதிரிப் பேச்சில் மிஸ்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் டாக்டர்கள் இல்லை. "எனக்கு ஆட்டிசமா இருக்குமோன்னு தோணுது" என்று வாசலில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடும் மிஸ், அந்த வீட்டின் தூக்கத்தையே பறித்துவிடுகிறார். ஒரே வயதுப் பிள்ளைகள் நிறைய பேரைத் தினமும் பார்ப்பதால் எங்கள் கண்ணுக்குச் சிலது முதலில் படும், அது உண்மை. படுவதை எழுதி வையுங்கள், என்றைக்கு, எந்த நேரத்தில், என்ன செய்தான் என்று. அந்தக் காகிதத்தைப் பெற்றோர் டாக்டரிடம் கொண்டுபோனால் அவருக்கு அது எவ்வளவு உதவும் தெரியுமா? உங்கள் ஊகம் அவருக்கு ஒரு பைசாவுக்கு உதவாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளியில் ஒரு சொல் பேசாத பிள்ளை, வீட்டில் வாய் ஓயாதாம். அம்மா போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார், பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து என்னைப் போலவே அதட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், நான் சொல்லும் "கையைக் கட்டு" உட்பட. அதைப் பார்க்காமல் இருந்தால் பேச்சு வளர்ச்சியில் ஏதோ குறை என்று நான் வேறு பக்கம் போயிருப்பேன். சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது ஒரு வகைப் பதற்றம். பள்ளி சேர்ந்த முதல் மாதத்தை அதில் கணக்கில் எடுப்பதில்லை, புது இடத்தில் யாருக்கும் வாய் அடைக்கத்தான் செய்யும். வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறு என்றால் மாதக்கணக்கில்கூட மௌனமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கும் மேல் நீண்டால் பார்க்க வேண்டும். அதுவரை "பேசு, பேசு, மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லு" என்று வாசலில் வைத்து நச்சரிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப், ஆப், போட்டோ. இதைப் பற்றி ஒரு பாட்டமே அழலாம், ஆனால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். தினமும் இருபது படம் அனுப்பும் பள்ளி நல்ல பள்ளி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. படம் எடுக்கும் மிஸ்ஸின் கையில் அந்த நேரத்தில் பிள்ளை இல்லை, போன்தான் இருக்கிறது. இருபது படத்தைவிட ஒரு படமும் அதோடு ஒரு வரியும் மேல். படத்தில் உங்கள் பிள்ளை சிரிக்கவில்லை என்றால் அழுதது என்று அர்த்தமில்லை, யோசிக்கும் முகம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். குழுவில் உங்கள் பிள்ளையின் சொந்த விஷயத்தைக் கேட்காதீர்கள், தனியாக அனுப்புங்கள். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பலாம், தப்பில்லை, ஞாபகம் வரும் நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் பதில் காலையில்தான் வரும். அப்புறம் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை: எல்லாத் தகவலையும் அம்மாவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு "அப்பாக்கள் அக்கறை எடுப்பதில்லை" என்று குறைபட்டுக்கொள்ளாதீர்கள். ரெண்டு எண்ணையும் வாங்குங்கள். மாலையில் கூட்டிப்போக வருவது பாட்டியோ தாத்தாவோ என்றால் அவரிடமும் அந்த நத்தை சேதியைச் சொல்லுங்கள், சாயங்காலம் முழுக்கப் பிள்ளையோடு இருக்கப் போவது அவர்தான்.

யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளர், 1965இல் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக ஹெட் ஸ்டார்ட் திட்டம் தொடங்கியபோது அதை வடிவமைத்தவர்களில் ஒருவர். வீடு எப்படி, பள்ளி எப்படி என்று தனித்தனியாகப் பார்த்தால் போதாது, அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் தொடர்பும் பிள்ளையின் வளர்ச்சியில் தனியாக ஒரு பங்கு வகிக்கிறது என்பது அவர் வாதம். பிள்ளைகளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். வாசலில் நானும் ஒரு அம்மாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், காலைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பிடி தளர்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாங்கள் முறைத்துக்கொண்டால் இறுகும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு. உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதில் "எழுத்தெல்லாம் எழுதுறானா?" என்பதில் ஐந்து நிமிடம் போய்விடும், எழுதுவான், விடுங்கள். அவன் யார் பக்கத்தில் போய் உட்காருகிறான் என்று கேளுங்கள். ஏதாவது முடியாவிட்டால் யாரிடம் வருகிறான், வராமல் தனியாக முட்டிமோதுகிறானா என்று கேளுங்கள். அழுதால் எது அவனைச் சமாதானப்படுத்துகிறது என்று கேளுங்கள், வீட்டில் எது சமாதானப்படுத்தும் என்பதையும் சொல்லுங்கள். தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் துணிக்கு அவன் ஒரு பெயர் வைத்திருப்பான், அதையும் சொல்லிவிடுங்கள். மிஸ் பதில் சொல்லத் திணறினால் கோபப்படாதீர்கள், "அடுத்த வாரம் சொல்லுங்க மிஸ்" என்று விட்டுவிட்டு வாருங்கள். மறுநாளிலிருந்து உங்கள் பிள்ளையை அவர் அந்தக் கேள்வியோடுதான் பார்ப்பார். எனக்கு அப்படித்தான் ஆகும்.